அப்பாவின் ஃபைலும் என் ரத்தமும்: ஒரு பித்தநாளக் கல்லின் கதை

நஞ்சன்கூடு கிளைக்கு மாற்றலாகி வந்து இரண்டு வருடம் ஆகிறது. சொந்த ஊர் கோவில்பட்டி. மைசூரு–தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஓடுகிற வரைக்கும் எனக்கு ஊர்க்கவலை இல்லை. சாயங்காலம் ஏறிப் படுத்தால் மறுநாள் காலையில் அம்மா கையால் காப்பி.

இந்த ஊர்ப் பெயரைத் தமிழர்களுக்கு விளக்க வேண்டியதே இல்லை. நஞ்சை உண்டவன் குடிகொண்ட இடம். கபினி ஆற்றங்கரையில் ஸ்ரீகண்டேஸ்வரர் கோயில். அவருக்கு 'ஹக்கீம் நஞ்சுண்டா' என்று இன்னொரு பெயரும் உண்டு. திப்பு சுல்தானின் யானைக்குக் கண் பார்வை போய், இங்கே வேண்டிக்கொண்டதில் திரும்பக் கிடைத்ததாம். அதற்கு நன்றியாக சுல்தான் பச்சைக்கல் லிங்கம் ஒன்றைக் கொடுத்தார் என்பது கதை. ஹக்கீம் என்றால் வைத்தியர். வைத்தியருக்குக் கல்லைக் கொடுத்த ஊர் இது. எனக்கு இங்கே வைத்தியர்கள் ஒரு கல்லை எடுத்தார்கள். அந்தக் கதைதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வங்கியில் 40 வயது தாண்டிய அதிகாரிகள் வருடம் ஒரு முறை உடல் பரிசோதனை செய்துகொண்டால் செலவைத் திருப்பித் தருவார்கள். மார்ச் மாதக் கணக்கு முடிப்பு தொடங்குவதற்கு முன், அந்தப் பில்லையும் போட்டுவிடலாமே என்று ஜனவரியில் ரத்தம் கொடுத்தேன். சர்க்கரை பரவாயில்லை, கொழுப்பு கொஞ்சம் அதிகம். எல்.எஃப்.டி. என்கிற கல்லீரல் பரிசோதனைப் பக்கத்தில்தான் இரண்டு வரி தடித்த எழுத்தில் வந்தது. ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் 168 (அந்த லேபில் 130 வரை சரி). காமா ஜி.டி. 212 (55 வரை சரி). பிலிரூபின் 0.9, அதாவது சுத்தம். எனக்கு வலி இல்லை, காய்ச்சல் இல்லை, கண் மஞ்சள் இல்லை. முந்தின நாள் இரவு ஆறு இட்லி சாப்பிட்டிருந்தேன்.

ரிப்போர்ட்டைப் பார்த்த முதல் டாக்டர் தலையை நிமிர்த்தாமலே "வாரத்துக்கு எத்தனை பெக்?" என்றார். குடிப்பதில்லை சார் என்றேன். எல்லோரும் சொல்வதுதான் என்கிற மாதிரி ஒரு சிரிப்பு. ஃபேட்டி லிவர், நடங்கள், மூன்று மாதம் கழித்துப் பார்ப்போம் என்று எழுதிக் கொடுத்தார். கிளையில் ஹெட் கேஷியர் "ஏன் சார், ஸ்வல்ப ட்ரிங்க்ஸா?" என்று கண்ணடித்தார். வீட்டில் இன்னும் மோசம். "ஏங்க, போன மாசம் ஆடிட்டர் வந்தப்ப ஓட்டல்ல சாப்பாடுன்னு லேட்டா வந்தீங்களே..." என்று ஆரம்பித்தாள். இருபது வருட நற்பெயர் ஒரு நொதியால் போனது :-)

அந்த நொதிக்கு இந்தக் கெட்ட பெயர் எப்படி வந்தது என்று பின்னால் சொல்கிறேன். மனைவியின் நச்சரிப்பில்தான் மைசூரில் ஒரு இரைப்பை குடல் மருத்துவரிடம் போனேன். ஸ்கேன் எடுத்ததில் பித்தப்பையில் சின்னச் சின்னதாக மூன்று கற்கள். பித்தநாளம் 7 மில்லிமீட்டர், வழக்கத்தைவிடக் கொஞ்சம் விரிந்திருக்கிறது, உள்ளே கல் எதுவும் தெரியவில்லை. "எம்.ஆர்.சி.பி. ஒன்று எடுத்துவிடுவோம்" என்றார். வலியே இல்லாத ஆளுக்கு இத்தனை ஆயிரம் ரூபாயில் இன்னொரு படமா என்று எனக்குள் இருக்கும் பி.காம். கேட்டது. பொங்கலுக்கு ஊருக்குப் போய் வந்து சொல்கிறேன் சார் என்று நழுவினேன்.

ஊரில், எதற்கென்று தெரியாமலே, பீரோவின் கீழ்த்தட்டிலிருந்து அப்பாவின் ஃபைலை எடுத்தேன்.

1998. நான் பி.காம். இரண்டாம் வருடம். அப்பாவுக்குப் பித்தப்பையில் கல் என்று ஒரு தனியார் மருத்துவமனையில் லேப்ராஸ்கோப்பி அறுவை சிகிச்சை நடந்தது. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்து, பத்தாம் நாள் கடைக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். தெருவே ஆச்சரியப்பட்டது. ஐந்து வாரம் கழித்து ஒரு ராத்திரி உடம்பு தூக்கிப் போடுகிற மாதிரி குளிர்க் காய்ச்சல். மலேரியா என்று மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு நாளில் கண் மஞ்சளானது. காமாலைதானே என்று அம்மா தினமும் காலையில் கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுத்தாள். ஆறாம் நாள் அப்பா ஆளையே அடையாளம் தெரியாமல் பேச ஆரம்பித்தபோதுதான் வாடகைக் காரில் மதுரைக்குக் கொண்டு போனோம். பித்தநாளத்தில் கல் அடைத்துச் சீழ் பிடித்திருக்கிறது என்றார்கள். வாய் வழியாகக் குழாய் விட்டுக் கல்லை எடுத்தார்கள். பிழைத்தார். அதற்குப் பிறகு 14 வருடம் இருந்தார். ஆனால் அந்த ஒரு வாரம் எங்கள் வீட்டை உலுக்கிவிட்டது. கடையை அடமானம் வைத்தது அந்த வாரத்தில்தான்.

அந்த ஃபைலில், முதல் அறுவை சிகிச்சைக்கு முன்னால் எடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டு இருந்தது. பிலிரூபின் 1.0. பக்கத்தில் யாரோ சிவப்பு மையில் டிக் போட்டிருந்தார்கள். இரண்டு வரி கீழே, 'ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ்: 22 கே.ஏ. யூனிட் (3 – 13)'. அதற்கு டிக்கும் இல்லை, வட்டமும் இல்லை.

வங்கியில் பழைய கடன் ஃபைல்களைத் தணிக்கை செய்கிறவனுக்கு இது பழகின காட்சி. கடன் கொடுக்கும்போதே எச்சரிக்கை ஃபைலுக்குள் இருக்கும். யாரும் அந்தப் பக்கத்தைப் புரட்டியிருக்க மாட்டார்கள். ஆனால் இது அப்பாவின் ஃபைல். துளையிட்டு நூல் கட்டி அடுக்கி வைத்தவன் நான்.

அந்த ராத்திரி தூக்கம் வரவில்லை. கே.ஏ. யூனிட் என்றால் என்ன என்று தேட ஆரம்பித்தவன், அடுத்த மூன்று வாரம் கிடைத்ததையெல்லாம் படித்தேன். நான் டாக்டர் இல்லை, புரிந்த வரைக்கும் எழுதுகிறேன்.

கல்லீரல் பித்தநீரைச் சுரக்கிறது. அது பித்தநாளம் வழியாகக் குடலுக்குப் போகிறது. வழியில் கிளைவாய்க்கால் மாதிரி பித்தப்பை. கல் பெரும்பாலும் பையில்தான் உருவாகும். சில நேரம் நழுவிப் பிரதான வாய்க்காலுக்குள் வந்துவிடும். பையில் இருக்கும் கல்லும் வாய்க்காலில் இருக்கும் கல்லும் ஒன்றல்ல. முதலாவது தெருவோரம் நிறுத்தின லாரி, இரண்டாவது பாலத்தின் நடுவில் நின்ற லாரி. பாலத்தில் நின்றாலும் பக்கத்தில் கொஞ்சம் வழி இருந்தால் போக்குவரத்து நகர்ந்துகொண்டே இருக்கும், யாருக்கும் தெரியாது. மருத்துவர்கள் 'மௌனக் கல்' என்பது அதைத்தான்.

பையில் இருக்கும் மௌனக் கல்லைப் பற்றியே பெரிய சண்டை நடந்திருக்கிறது. அமெரிக்காவின் வில்லியம் மேயோ, 1911ல், 'அப்பாவிப் பித்தக்கல்' என்பது கட்டுக்கதை, கல் இருந்தால் எடு என்று எழுதினார். எழுபது வருடம் கழித்து, 1982ல், கிரேசி, ரான்சோஹாஃப் என்ற இருவர் பதில் சொன்னார்கள். மிச்சிகன் பல்கலைக்கழக ஆசிரியர்களில் பரிசோதனையில் தற்செயலாகக் கல் தெரிந்த 123 பேரை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்ததில், 15 வருடத்தில் 18 சதவீதம் பேருக்குத்தான் தொந்தரவு வந்தது. மீதிப் பேர் கல்லோடு சுகமாக இருந்தார்கள். பையில் சும்மா கிடக்கும் கல்லைச் சும்மா விடலாம் என்ற இன்றைய எண்ணத்துக்கு வலு சேர்த்தது அந்த ஆய்வு. ஆனால் நாளத்துக் கல்லுக்கு இந்தச் சலுகையை யாரும் எளிதாகத் தருவதில்லை. அடைத்தால் காமாலை, சீழ், கணைய அழற்சி. காய்ச்சல், காமாலை, வலி மூன்றும் சேர்ந்தால் நாளத்தில் சீழ் என்று பிரான்சின் ஷார்கோ 1877லேயே எழுதிவிட்டார். எங்கள் தெருவில் 1998ல் அது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. அவ்வளவுதான்.

அந்தக் காலத்து அறுவை மருத்துவர்களுக்கு நாளத்துக்குள் என்ன இருக்கிறது என்று அறிய விரல்தான் கருவி. 1882ல் பெர்லினில் லாங்கென்புக் முதல் முறையாகப் பித்தப்பையை வெட்டி எடுத்தார். 1890ல் சுவிட்சர்லாந்தின் கூர்வோசியே நாளத்தையே திறந்து கல்லை எடுத்தார். வயிற்றைத் திறந்த பிறகு நாளத்தைத் தடவிப் பார்ப்பது, சந்தேகம் வந்தால் கீறிப் பார்ப்பது என்றுதான் ரொம்ப நாள் ஓடியது. 1930களின் தொடக்கத்தில் அர்ஜென்டினாவின் கோர்டோபா நகரில் மிரிஸ்ஸி, அறுவை சிகிச்சை மேசையிலேயே நாளத்துக்குள் சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தார். அதற்குப் பிறகுதான், கை சொன்ன கணக்கும் படம் சொன்ன கணக்கும் எவ்வளவு தூரம் வித்தியாசப்படுகிறது என்று உலகத்துக்குப் புரிந்தது.

இன்னொரு பக்கம் ரத்தத்தைப் படிக்கும் வேலை தனியாக நடந்துகொண்டிருந்தது.

1883ல் ஜெர்மனியின் பால் எர்லிக், பித்தநிறமியோடு சேர்ந்தால் நிறம் மாறும் ஒரு ரசாயனத்தைச் சொன்னார். 1916ல் ஹாலந்தின் வான் டென் பெர்க்கும் முல்லரும் அதை வைத்து ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். சில காமாலைக்காரர்களின் ரத்தத்தில் ஆல்கஹால் சேர்த்தால்தான் நிறம் வந்தது. அடைப்பால் காமாலை வந்தவர்களின் ரத்தம் ஆல்கஹால் இல்லாமலே நேரடியாக நிறம் காட்டியது. நம் ரிப்போர்ட்டில் இன்றும் 'டைரக்ட்', 'இன்டைரக்ட்' என்று இரண்டு பிலிரூபின் வருகிறதே, அது அந்த ஆல்கஹாலின் மிச்சம். ஏன் அப்படி என்பதற்கு விடை 1956 வாக்கில்தான் கிடைத்தது. கல்லீரல் ஒரு சர்க்கரை அமிலத்தோடு சேர்த்துக் கட்டி அனுப்பிய பிலிரூபின் தண்ணீரில் கரையும். அதுதான் 'டைரக்ட்'. கல்லீரல் தன் வேலையை முடித்துவிட்டது, வழிதான் அடைத்திருக்கிறது என்று அதற்கு அர்த்தம்.

ஆனால் பிலிரூபின் தாமதமாகப் பேசும் சாட்சி. நாளம் பாதிதான் அடைத்திருந்தால், கல் உருண்டு உருண்டு வழி விட்டுக்கொண்டிருந்தால், மீதிக் கல்லீரல் வேலையைச் சமாளித்துவிடும், பிலிரூபின் ஏறாது. எனக்கும் ஏறவில்லை, அப்பாவுக்கும் ஏறவில்லை. அந்தச் சிவப்பு டிக் பொய்யில்லை, போதாது.

முன்னாலேயே பேசும் சாட்சியைக் கண்டுபிடித்த கதை எலும்பில் தொடங்குகிறது. லண்டன் லிஸ்டர் நிலையத்தில் ராபர்ட் ராபிசன் 1923ல் எலும்பு எப்படிச் சுண்ணாம்பு பிடிக்கிறது என்று ஆராய்ந்தபோது பாஸ்பேட்டைப் பிரிக்கும் ஒரு நொதியைக் கண்டார். 1930களின் தொடக்கத்தில் ராபர்ட்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், அடைப்புக் காமாலைக்காரர்களின் ரத்தத்தில் இது எகிறுவதையும், கல்லீரலே கெட்டு வரும் காமாலையில் அவ்வளவு எகிறாததையும் காட்டினார். எலும்புக்காரர்கள் தேடிய சாமான் ஈரல்காரர்களுக்குப் பயன்பட்டது. 1934ல் கனடாவின் கிங், ஆர்ம்ஸ்ட்ராங் என்ற இருவர் இதைச் சாதாரண லேபிலும் அளக்க ஒரு வசதியான முறையைக் கொடுத்தார்கள். குறிப்பிட்ட நேரத்தில் ரத்தத்தின் நொதி எத்தனை மில்லிகிராம் பினாலைப் பிரித்துவிடுகிறது என்பதுதான் கணக்கு. அந்த இருவரின் முதலெழுத்துதான் கே.ஏ. 1934ல் கனடாவில் புறப்பட்ட யூனிட் 1998ல் தென் தமிழ்நாட்டின் ஒரு லேப் சீட்டில் உட்கார்ந்திருந்தது.

ஒரு கே.ஏ. யூனிட் ஏறக்குறைய 7.1 சர்வதேச யூனிட். டாலரை ரூபாயாக்குகிற மாதிரி பெருக்கிப் பார்த்தேன். அப்பாவின் 22, இன்றைய கணக்கில் 156. என்னுடையது 168. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் இடைவெளியில், அப்பாவும் பிள்ளையும் கிட்டத்தட்ட ஒரே தொகை.

அடைத்தால் இந்த நொதி ஏன் ஏறுகிறது? வெளியே போக வழியில்லாமல் தேங்குகிறது என்றுதான் வெகுநாள் நினைத்தார்கள். 1970ல் கப்லானும் ரைகெட்டியும் எலிகளின் பித்தநாளத்தைக் கட்டிப் பார்த்துவிட்டு, அது தேக்கமில்லை, அழுத்தம் வந்ததும் கல்லீரல் இந்த நொதியைப் புதிதாக அதிகம் தயாரிக்கிறது என்று காட்டினார்கள். ஆகவே கொஞ்சம் அடைப்பிருந்தாலே போதும், நிறம் மாறுவதற்கு முன்பே கல்லீரல் புகார் மனு எழுத ஆரம்பித்துவிடும்.

ஒரு சிக்கல். இதே நொதி எலும்பிலிருந்தும் வரும். வளரும் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இயல்பாகவே அதிகம். அப்போது இது ஈரல் புகாரா எலும்புப் புகாரா? அதற்குத்தான் காமா ஜி.டி. 1960களின் தொடக்கத்தில் போலந்தின் ஆர்லோவ்ஸ்கியும் ஷெவ்சுக்கும் இதை ரத்தத்தில் அளந்தார்கள். இது எலும்பிலிருந்து வருவதில்லை. இரண்டும் சேர்ந்து ஏறினால் ஈரல், பித்தநாளம் பக்கம்தான் விசாரணை. 1972ல் ரோசால்கி என்ற ஆங்கிலேயர், குடிப்பழக்கம் உள்ளவர்களுக்குக் காமா ஜி.டி. ஏறுகிறது என்று எழுதினார். அன்றிலிருந்து இந்த நொதி ஏறின ஒவ்வொரு அப்பாவியும் 'எத்தனை பெக்' என்ற கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டியிருக்கிறது. என் மனைவிக்கு ரோசால்கியைப் பற்றி விளக்கினேன். "அவரு சொன்னது தப்பில்லையே" என்றாள்.

எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. இரண்டும் 1950களில் நியூயார்க்கிலிருந்து வந்தவை. கார்மன், ரோப்லெவ்ஸ்கி, லடூ மூவரும் முதலில் மாரடைப்புக்காக அளந்தார்கள், பிறகு அது ஈரலுக்குத் திரும்பியது. கல் திடீரென்று போய் அடைக்கும்போது இவை ஒரே நாளில் பல நூறு வரை குதித்து, கல் நகர்ந்ததும் மளமளவென்று இறங்கிவிடும்.

நான் முக்கியமாக நினைப்பது ஒரு இயந்திரத்தை. அமெரிக்காவின் லெனார்ட் ஸ்கெக்ஸ் கண்டுபிடித்து 1957ல் சந்தைக்கு வந்த ஆட்டோ அனலைசர். அதற்கு முன் ஒவ்வொரு பரிசோதனையும் ஒரு ஆள் உட்கார்ந்து கையால் செய்வது, ஆகவே நோய் வந்தவனுக்குத்தான் செய்வார்கள். இயந்திரம் வந்ததும் ஒரு சொட்டு ரத்தத்தில் பத்துப் பன்னிரண்டு விடை, நோய் இல்லாதவனுக்கும் மலிவாக. வங்கியில் பேரேடு போய்க் கம்ப்யூட்டர் வந்ததும், யாரும் கேட்காமலே தினமும் விதிவிலக்கு அறிக்கை அச்சாகி வருகிறதே, அந்த மாதிரி. கேட்காத கேள்விக்கு வந்த பதிலில்தான் மௌனக் கற்கள் அகப்பட ஆரம்பித்தன. நானும் அப்படி அகப்பட்டவன்தான்.

நம் ஊர்ப் பக்கம் இந்தக் கல் எவ்வளவு? 1968ல் மேற்கு ரயில்வேயின் மருத்துவர் மல்ஹோத்ரா, ரயில்வே ஊழியர்களின் மருத்துவப் பதிவுகளை வைத்து, பித்தக்கல் தெற்கைவிட வடக்கில் ஏழு மடங்கு அதிகம் என்று எழுதினார். (ரயில்வேக்காரர்கள் பதிவேட்டை ஒழுங்காக வைத்திருப்பார்கள், அது வரைக்கும் நம்பலாம்.) தெற்கில் வரும் கல்லின் சாதியும் வேறு. வடக்கில் கொழுப்புக் கல் அதிகம், நம் பக்கம் நிறமிக் கல்லுக்கும் கலப்புக் கல்லுக்கும் பங்கு அதிகம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. சென்னையில் டாக்டர் வி. ஜெயந்தி போன்றவர்கள் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள்.

கீழாநெல்லியைப் பற்றியும் ஒரு வார்த்தை, இல்லாவிட்டால் அம்மாவுக்குக் கோபம் வரும். 1988ல் சென்னையின் டாக்டர் எஸ்.பி. தியாகராஜன் குழு, ஹெபடைட்டிஸ் பி கிருமி உள்ளவர்களுக்குக் கீழாநெல்லி கொடுத்துப் பார்த்து லான்செட் இதழில் எழுதி, உலகமே திரும்பிப் பார்த்தது. பிறகு வேறிடங்களில் செய்து பார்த்தபோது அதே பலன் வரவில்லை. எப்படியிருந்தாலும் அது கிருமிக் காமாலையைப் பற்றிய பேச்சு. வாய்க்காலில் கிடக்கும் கல்லைக் கீழாநெல்லி நகர்த்தாது. இரண்டு காமாலைக்கும் ஒரே பெயர் வைத்திருப்பதுதான் தமிழில் (எல்லா மொழியிலும்தான்) ஆபத்து.

ஏன் அறுவை சிகிச்சைக்கு முன்னால் ரத்தச் சீட்டைப் படிப்பது 1990களில் திடீரென்று இவ்வளவு முக்கியமானது? லேப்ராஸ்கோப்பிதான் காரணம். 1985ல் ஜெர்மனியின் முஹே, 1987ல் பிரான்சின் மூரே, 1990ல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் உத்வாடியா, 1990களின் தொடக்கத்தில் கோயம்புத்தூரில் பழனிவேலு என்று அது மளமளவென்று பரவியது. நாலு ஓட்டை, மூன்று நாள், வீடு. ஆனால் வயிற்றைத் திறந்தபோது இருந்த ஒரு வசதி போய்விட்டது. நாளத்தை விரலால் தடவிப் பார்க்க முடியாது. மேசையிலேயே சாயப்படம் எடுக்கும் வழக்கமும் எல்லா இடத்திலும் இல்லை. பை வெளியே வந்துவிடும், நாளத்தில் கிடக்கும் கல் உள்ளேயே தங்கிவிடும். அப்பாவுக்கு நடந்தது அதுதான்.

அப்படியென்றால் எல்லோருக்கும் முன்கூட்டியே நாளத்தைப் பார்த்துவிடலாமே? அங்கே இன்னொரு கதவு இடித்தது. வாய் வழியாகக் குழாய் விட்டு நாளத்தில் சாயம் செலுத்தும் ஈ.ஆர்.சி.பி.யை 1968ல் வாஷிங்டனில் மக்கூன் ஆரம்பித்தார். 1974ல் ஜெர்மனியின் கிளாசன், டெம்லிங் இருவரும் ஜப்பானின் கவாயும் அதே வழியில் நாளத்தின் வாயைக் கீறிக் கல்லை எடுத்தார்கள். அருமையான வேலை, அப்பாவைக் காப்பாற்றிய வேலை. ஆனால் 1996ல் அமெரிக்காவில் ஃப்ரீமன் குழு இப்படிக் கீறப்பட்ட 2347 பேரைக் கணக்கெடுத்ததில் 9.8 சதவீதம் பேருக்குச் சிக்கல், 5.4 சதவீதம் பேருக்குக் கணைய அழற்சி. கல் இருக்கிறதா என்று சும்மா எட்டிப் பார்ப்பதற்கு இது ரொம்ப அதிக வட்டி. ஆகவே யாருக்குப் பார்க்க வேண்டும் என்று வடிகட்ட ஒரு சல்லடை தேவைப்பட்டது. அந்தச் சல்லடைதான் பழைய எல்.எஃப்.டி.யும் ஸ்கேனும்.

சல்லடை எவ்வளவு நல்லது? 2015ல் காக்ரேன் அமைப்புக்காக லண்டனில் குறிஞ்சிச்செல்வன் குருசாமி தலைமையில் ஒரு தொகுப்பாய்வு வந்தது. (பெயரைப் பார்த்ததும் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை நீங்கள் புரிந்துகொள்வீர்கள்.) நாளத்தில் கல் உள்ள 100 பேரில் ஸ்கேன் 73 பேரைப் பிடிக்கிறது. பிலிரூபின் 84 பேரை, ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் 92 பேரை. கல் இல்லாத 100 பேரில் சரியாக விடுவிப்பது ஸ்கேன் 91, பிலிரூபின் 91, பாஸ்பேட்டேஸ் 79. ரத்தப் பரிசோதனை எண்கள் ஒரே ஒரு ஆய்விலிருந்து வந்தவை என்பதை அவர்களே சொல்லி, ஜாக்கிரதையாகத்தான் முடிக்கிறார்கள்.

இதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்த்தேன். பித்தப்பை எடுக்கப் போகும் 1000 பேரில் 50 பேருக்கு நாளத்தில் கல் என்று வைத்துக்கொள்வோம். பாஸ்பேட்டேஸ் 46 பேரைப் பிடிக்கும், 4 பேரை விடும். கல் இல்லாத 950 பேரில் சுமார் 200 பேரை வீணாகப் பயமுறுத்தும். ஆக மொத்தம் மணி அடித்த 246 பேரில் 46 பேருக்குத்தான் நிஜமாகக் கல். மணி அடிக்காத 754 பேரில் 4 பேருக்கு மட்டும். ஏறின ரிப்போர்ட் கல் இருக்கிறது என்று நிரூபிக்காது, ஏறாத ரிப்போர்ட் கல் இருக்க வாய்ப்பு குறைவு என்று நன்றாகச் சொல்லும். இதைத் தைவானில் 1002 பேரை வைத்து 2008ல் வெளியான ஆய்வும் காட்டுகிறது. அவர்களில் 88 பேருக்கு நாளக் கல். காமா ஜி.டி. சரியாக இருந்தால் கல் இல்லை என்பது 97.9 சதவீதம் சரி. மீதி 2.1 எங்கே என்றால், டிரையல் பேலன்ஸ் டேலி ஆனாலும் பிழை இருக்கலாம் என்று பி.காம். முதல் வருடத்தில் படித்தோமே, அங்கே.

இதையெல்லாம் வைத்து அமெரிக்க எண்டோஸ்கோப்பி சங்கம் 2010ல் ஒரு தரவரிசை போட்டு, 2019ல் திருத்தியது. ஸ்கேனில் கல்லே தெரிந்தாலோ, சீழ்க் காய்ச்சல் இருந்தாலோ, பிலிரூபின் 4க்கு மேல் ஏறி நாளமும் விரிந்திருந்தாலோ நேரே ஈ.ஆர்.சி.பி. ஈரல் பரிசோதனை மட்டும் மாறியிருந்தால், வயது 55 தாண்டியிருந்தால், அல்லது நாளம் விரிந்திருந்தால் நடுத்தரம், முதலில் குழாய் விடாத படம். அந்தப் படம்தான் எம்.ஆர்.சி.பி. 1991ல் ஜெர்மனியிலிருந்து வெளியான முறை. காந்தப்புலத்தில் படுக்க வைத்து, ஊசி சாயம் எதுவும் இல்லாமல், பித்தநீரையே வெளிச்சமாக்கிக் காட்டுவது. கல் அதில் கறுப்புப் புள்ளி.

நான் சரியாக நடுத்தரத்தில் உட்கார்ந்திருந்தேன். பொங்கல் முடிந்து திரும்பியதும் போய்ப் படுத்தேன். அரை மணி நேரம் டமடமவென்று சத்தம். நாளத்தின் அடிப்பகுதியில் 5 மில்லிமீட்டர் கறுப்புப் புள்ளி. ஸ்கேனில் அந்த இடம் குடலின் காற்றுக்குப் பின்னால் மறைந்திருந்ததாம்.

எடுக்கத்தான் வேண்டுமா என்று கேட்டேன். டாக்டர் நேர்மையாகப் பேசினார். அயர்லாந்தில் 2004ல் வெளியான ஓர் ஆய்வில், அறுவை சிகிச்சையின்போது சாயப்படம் எடுத்த 962 பேரில் 46 பேருக்கு நாளத்தில் கல் மாதிரி தெரிந்தது. 48 மணி நேரத்தில் பார்த்தபோது 12 பேருக்கு ஒன்றுமில்லை. ஆறு வாரத்தில் இன்னும் 12 பேருக்கு அதுவாகவே போய்விட்டது. 22 பேருக்குத்தான் தங்கியது. தொந்தரவே இல்லாதவர்களுக்கு ஈ.ஆர்.சி.பி. செய்தால் கணைய அழற்சி அபாயம் இன்னும் கூடுதல் என்று ஜப்பானிய ஆய்வுகள் சொல்கின்றன. ஆனாலும் பிரிட்டிஷ் சங்கத்தின் 2017 வழிகாட்டுதல், உடம்பு தாங்கும் என்றால் நாளக் கல்லை எடுக்கச் சொல்கிறது. "உங்களுக்கு நாளம் விரிஞ்சிருக்கு, காமா ஜி.டி. இறங்கல. போகப்போற கல்லு மாதிரி தெரியல. முடிவு உங்களது" என்றார். நான் அப்பாவின் ஆறாம் நாளைப் பார்த்தவன். எனக்கு முடிவு எடுக்க நேரம் ஆகவில்லை.

முதலில் ஈ.ஆர்.சி.பி., இரண்டு நாள் கழித்து லேப்ராஸ்கோப்பி. கணையம் கோபப்படவில்லை. பத்தாம் நாள் கிளையில் உட்கார்ந்தேன். ஹெட் கேஷியர் ரசபாளை வாழைப்பழம் ஒரு சீப்பு கொண்டு வந்து வைத்தார். பெக் பேச்சு இல்லை.

டிஸ்சார்ஜ் அன்று அப்பாவின் சீட்டை டாக்டரிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "கே.ஏ. யூனிட்... இதை நான் படிக்கும்போது பார்த்தது" என்றார். இது தப்புதானே சார் என்று கேட்டேன். 1998ல் உங்கள் மாவட்டத்தில் எம்.ஆர்.சி.பி. ஏது, எட்டிப் பார்க்க ஈ.ஆர்.சி.பி.தான் வழி, இந்த ஒரு எண்ணை நம்பி அதைச் செய்ய நிறைய பேர் தயங்கியிருப்பார்கள் என்றார். கொஞ்சம் நிறுத்தி, "ஆனா டிஸ்சார்ஜ் பண்ணும்போது, குளிர் காய்ச்சல் வந்தா உடனே வாங்கன்னு ஒரு வரி எழுதியிருக்கலாம்" என்றார். வீட்டுக்கு வந்து அப்பாவின் டிஸ்சார்ஜ் சீட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். தையல் பிரிக்க வரவேண்டிய தேதி மட்டும்தான் இருந்தது.

அம்மாவிடம் போனில் இதைச் சொன்னபோது, "கீழாநெல்லி கொடுத்தது தப்பாய்யா?" என்று கேட்டாள். இல்லம்மா, அதனால் ஒன்றும் ஆகவில்லை என்றேன். ஆறு நாள் போனதைச் சொல்லவில்லை.

ஆறு வாரம் கழித்து எடுத்த ரத்தத்தில் காமா ஜி.டி. 41, பாஸ்பேட்டேஸ் 92. அடுத்த பரிசோதனை செப்டம்பரில். கிளையில் கடன் தவணைகளுக்கு வைத்திருக்கிற டியூ டேட் டைரியில் அந்தத் தேதியையும் எழுதி வைத்திருக்கிறேன்.